பற்றவைத்த குழாய்

தையல் மெஷினுக்கு எண்ணெய் விடும்போதெல்லாம் நகரி வீட்டின் கதவிடுக்கு நினைவுக்கு வருகிறது. வேர்க்கடலைக் கொல்லையில் இறங்கும் பன்றிகளை விரட்ட நைனா வைத்திருந்த துப்பாக்கி அங்கேதான் சாய்ந்திருக்கும், அவர் அதைத் துடைக்கிற நாளில் இதே வாசனை சோற்றில்கூட இருக்கும். எல்லை பிரித்து நகரி ஆந்திரத்தோடு போன பிறகு ஒருநாள் குழாயில் மயிரிழையாக விரிசல் கண்டு, வழக்கமாகப் பழுதுபார்க்கும் வேலூர்க்காரரிடம் கிளம்பியவரைப் பக்கத்து நிலத்துக்காரர் நிறுத்தினார்.

“வேலூரு இப்போ வேற ஸ்டேட்டுண்ணா, லைசென்சு கேட்டு புட்ச்சிக்குவாங்க. நம்ம ஏர்க்கொழு அடிக்கிற ஆச்சாரியே பத்தவெச்சிக் குடுப்பாரு.”

அடுத்த முறை பன்றியைச் சுட்டபோது, குழாய் பற்றவைத்த இடத்திலேயே வெடித்தது. நைனாவின் இடது கையில் இரண்டு விரல்கள் போயின. மறுநாள் அதே பக்கத்து நிலத்துக்காரர் வந்து, குப்பைமேனியை அரைத்துப் பூசச் சொன்னார். நைனா தலையாட்டினார். நான் அம்மியைக் கழுவினேன்.