சேதம் பற்றித் தகவல் இல்லை

ஈ.சி.ஜி. வாசிக்கப் பழகிய முதல் வாரங்களில் என் கண் எழுத்துகளுக்கே போனது. தாளின் மேல் மூலையில் இயந்திரம் தன் முடிவைத் தானே அச்சடித்துவிடும். இயல்பானது என்று எழுதும், அல்லது இயல்புக்கு மாறானது, மருத்துவர் உறுதிசெய்ய வேண்டும் என்று எழுதும். இந்த நாட்டில் குடியேறுமுன் கொழும்பில் ஒரு தமிழ் நாளிதழில் பல வருடங்கள் உதவி ஆசிரியராக இருந்தவள் நான். ஒரு தாளில் எழுத்து இருந்தால் அதைத்தான் முதலில் பார்ப்பேன்.

எங்கள் வகுப்பு பரமட்டா ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நடந்தது. இதயப் பரிசோதனைகளை எடுக்கும் தொழில்நுட்பவியலாளர்களுக்கான பயிற்சி அது. நடத்தியவர் மலேசியத் தமிழ்ப் பெண், என்னைவிட வயதில் நன்றாகக் குறைந்தவர். வகுப்பில் ஆங்கிலம் பேசுவார். தேநீர் இடைவேளையில் என்னோடு மட்டும் தமிழ்.

"அக்கா, நீங்க தலைப்ப படிச்சிட்டு செய்திக்குப் போறீங்க," என்றார் ஒருநாள். "மெஷின் சொன்னதையே கோட்டுல தேடுறீங்க. தேடினா கிடைக்கும் லா."

அதன்பிறகு தாளின் மேற்பகுதியை ஓர் அட்டையால் மறைத்துவிட்டு வாசித்தேன். முதலில் பெயரும் திகதியும் சரியா என்று பார்க்க வேண்டும். அடுத்து தாள் ஓடிய வேகம். பிறகுதான் கோடுகள். உடலில் பத்து ஒட்டிகள் ஒட்டினால் இயந்திரம் பன்னிரண்டு படங்கள் வரையும். பன்னிரண்டும் ஒரே இதயத்தைப் பன்னிரண்டு பக்கங்களிலிருந்து பார்ப்பவை. ஒரே ஊர்வலத்தை வெவ்வேறு சந்திகளில் நின்ற நிருபர்கள் எழுதி அனுப்பியது போல என்று நான் வைத்துக்கொண்டேன். ஒருவருக்குப் பெரிதாகத் தெரிவது இன்னொருவருக்குத் தெரியாது. வலது தோளிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாமே தலைகீழாகத் தெரியும். அவரைத் திருத்தக்கூடாது. அவர் நிமிர்ந்து எழுதினால்தான் கைகளின் வயர்கள் மாறிவிட்டனவா என்று பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு துடிப்பிலும் ஒரு சிறு மேடு, ஓர் உயரமான முள், அதன்பின் ஒரு தாழ்ந்த குன்று. முள்ளுக்கும் குன்றுக்கும் நடுவில் ஒரு சிறு துண்டுக் கோடு இருக்கிறது. அது அடிக்கோட்டோடு சமமாகக் கிடக்க வேண்டும். அடுத்தடுத்த படங்களில் அது மேலே தூக்கியிருந்தால் இதயத் தசையின் அந்தப் பகுதிக்கு இரத்தம் போகாமலிருக்கலாம். பயிற்சி ஆசிரியை இந்தத் துண்டைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரலைத் தாழ்த்துவார்.

வீட்டார் இந்தப் படிப்பைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பென்டில் ஹில்லில் மளிகைக் கடை வைத்திருக்கும் அத்தான், அதாவது என் அக்காவின் கணவர், நான் கடைக்குப் போகும்போதெல்லாம் வாடிக்கையாளர்களுக்குக் கேட்கும்படி சொல்லுவார்.

"எங்கட பேப்பர்காரி இப்ப நெஞ்சுப் பேப்பர் வாசிக்கிறா. ஆருக்கும் பலன் கேக்கவேணுமெண்டால் வாங்கோ."

ஒரு சனிக்கிழமை. வகுப்பின் மதிய இடைவேளையில் அக்கா வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். அத்தானின் ஈ.சி.ஜி. தாள். கடைக் கல்லாவின் மேல் வைத்து எடுத்திருந்தாள், ஓரத்தில் கறுவாப்பட்டைப் பைக்கற் ஒன்றும் விழுந்திருந்தது. அழைத்துப் பேசினேன்.

"காலமையில இருந்து நெஞ்சுக்க ஏதோ செய்யுதாம். ஒருக்கா ஓங்காளிச்சுச் சத்தியும் எடுத்தவர்," என்றாள். "நான் கத்தித்தான் கிளினிக்குக்குப் போனவர். டொக்டர் இதை எடுத்துப் பாத்திட்டு உடன ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னவராம். ரத்தம் சோதிக்கவேணும், திருப்பியும் ஈசிஜி எடுக்கவேணும் எண்டு. இந்தாள் ஓம் டொக்டர் எண்டிட்டு நேர கடைக்கு வந்து நிக்குது. நோர்மல் எண்டுதானே அடிச்சுக் கிடக்கு, பேந்தென்ன எண்டு கேக்கிறார். நீ பாத்துச் சொல்லடி."

படத்தில் மேல் வரிகளை விரலால் மறைத்துக்கொண்டு பன்னிரண்டையும் பார்த்தேன். ஒன்றும் இல்லை. துண்டுக் கோடுகள் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. குன்றுகள் நிமிர்ந்திருந்தன. பிற்பாடும் அந்தப் படத்தைப் பலமுறை பெரிதாக்கிப் பார்த்திருக்கிறேன். அதில் எதுவும் இல்லை.

நாளிதழில் புயல், வெள்ளம் என்று வரும் நாட்களில் கரையோர ஊர்களுக்குத் தொலைபேசி கிடைக்காது. நிருபர் அவசரத்தில் 'சேதம் இல்லை' என்று எழுதிவிடுவார். செய்தி ஆசிரியர் அதை வெட்டி 'சேதம் பற்றி இதுவரை தகவல் இல்லை' என்று போடுவார். இரண்டிலும் இருப்பது ஒரே 'இல்லை'. முதல் வரியை வாசித்தவர் நிம்மதியாகப் படுத்துவிடுவார், இரண்டாவதை வாசித்தவர் வானொலியைப் போடுவார். அத்தானின் தாள் இரண்டாவது வகை. அது எடுக்கப்பட்ட சில விநாடிகளில் எந்தச் சந்தியிலிருந்தும் தகவல் வரவில்லை, அவ்வளவுதான்.

வகுப்பை விட்டுவிட்டு ரயிலேறிக் கடைக்குப் போனேன். அத்தான் கல்லாவுக்குப் பின்னால் கதிரையில் இருந்தார். சனிக்கிழமையில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நெற்றியில் வியர்வை. முன்னால் இஞ்சித் தேநீர் ஆறிப்போயிருந்தது.

"அத்தான், அம்புலன்சுக்கு அடிக்கிறன்."

"அடிச்சுப் பார். அம்புலன்ஸ் கடை வாசலில வந்து நிண்டால் நாளைக்குச் சனம் செத்தவீடு கேட்டு வரும்." வயிற்றுக்கு மேலே உள்ளங்கையை வைத்து அழுத்திக் காட்டினார். "காஸ்ட்ரிக்கடி. காலமை ரெண்டு உளுந்து வடை திண்டனான். அதுதான் நிண்டு விளையாடுது."

தாளில் இயல்பு என்று எழுதியிருப்பதன் பொருளை விளக்கப் பார்த்தேன். புயலையும் தொலைபேசியையும்கூடச் சொன்னேன். அத்தான் முழுவதும் கேட்டார்.

"நோர்மல் எண்டு இங்கிலீசில கிடக்கு. அதுக்கு நீ தமிழில பொழிப்புரை சொல்லுறாய்," என்றார்.

உள்ளே பருப்பு நிறுத்துக்கொண்டிருந்த அக்கா அழத் தொடங்கினாள். அது அவரை இன்னும் பிடிவாதமாக்கியது. நான் வேறு பக்கமாகப் போனேன்.

"சரி, காஸ்ட்ரிக்தான். அதை ஆஸ்பத்திரிக்காரர் சொல்லட்டுமன். காஸ்ட்ரிக் எண்டு சொன்னால் அடுத்த சனிக்கிழமை முழுக்க நான் இஞ்ச நிண்டு மரக்கறியில அழுகினதைத் தெரிஞ்செடுக்கிறன்."

அத்தான் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "முருங்கையிலை ஆயவும் வேணும்."

"ஆயிறன்."

"வா போவம்."

அக்கா கடையில் நின்றாள். அவளுடைய காரை நான் ஓட்டினேன். வழியெல்லாம் அத்தான் இருக்கைப் பட்டியை நெஞ்சிலிருந்து விலக்கிப் பிடித்தபடியே வந்தார். ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு வாசலில் அவரை இறக்கிவிட்டு, கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் தாதியிடம் நேரே போய்ச் சொல்லும்படி சொன்னேன். காரை நிறுத்த இடம் தேடி, பிறகு ஓடி வந்தேன்.

அத்தான் கூடத்தின் கோடியில், மற்றவர்களிடமிருந்து தள்ளிப் போட்டிருந்த கதிரையில் இருந்தார். முகத்தில் மாஸ்க். கையில் வாந்தி எடுக்கும் நீலப் பை. கண்களில் வெற்றி.

"பாத்தியோ, ஒரு சொல்லில விளங்கீட்டுது அந்தப் பிள்ளைக்கு. காஸ்ட்ரிக் எண்டன். சத்தி இருக்கோ எண்டு கேட்டுது. ஓம் எண்டன். உடன இதெல்லாம் தந்து இதில இருக்கச் சொல்லீட்டுது."

என்ன நடந்திருக்கிறது என்று அப்போது புரிந்தது. எங்கள் ஆட்களுக்குக் காஸ்ட்ரிக் என்பது ஒரு பெரிய சாக்குப் பை. எரிவு, ஏப்பம், வாய்வு, நெஞ்சில் பாரம், காரணம் தெரியாத வியர்வை எல்லாம் அதற்குள் அடங்கும். ஆங்கிலச் சொல் என்பதால் ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கும் அதே பொருள்தான் என்று நினைத்துக்கொள்வோம். இந்த நாட்டில் மக்கள் வாயில் அடிபடுவது காஸ்ட்ரோ. வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும், பள்ளிக்கூடங்களில் ஒரு பிள்ளையிடமிருந்து இன்னொரு பிள்ளைக்குத் தொற்றும் நோய் அது. தாதிக்குக் கேட்டது அதுதான். தொற்றாமல் இருக்க மாஸ்க், வாந்திக்குப் பை, தனிக் கதிரை. அவர் காதில் விழுந்ததற்கு அவர் செய்தது சரி.

கண்ணாடித் தடுப்புக்குப் போனேன். வரிசையில் ஒருவர் இருந்தார். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அவரைத் தாண்டி, அந்த மனிதருக்கு நெஞ்சு நோவு, காலையிலிருந்து, வியர்க்கிறது, கிளினிக்கில் எடுத்த ஈ.சி.ஜி. இதோ என்று ஆங்கிலத்தில் சொன்னேன். தாதி எழுந்து அத்தானிடமே வந்தார், நெஞ்சில் நோவா என்று கேட்டார்.

அத்தானுக்குக் கோபம் வந்துவிட்டது. மாஸ்க்கை இறக்கிக்கொண்டு என்னிடம் திரும்பினார்.

"ஏன்ரி பொய் சொல்லுறாய்? எனக்கு நோ எண்டு ஆர் சொன்னது? நோவே இல்லை. ஒரு மாதிரி அமத்துது. ஆரோ நெஞ்சில ஏறி இருக்கிற மாதிரி. அவ்வளவுதான்."

அவர் என்ன சொல்கிறார் என்று தாதி கேட்டார். ஒரு சொல்லையும் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தேன். நோவு இல்லையாம். அமத்துகிறதாம். யாரோ நெஞ்சில் ஏறி இருப்பது போல என்கிறார்.

தாதி உள்ளே திரும்பிக் கைகாட்டினார். சக்கர நாற்காலி வந்தது.

உள்ளே திரைக்குப் பின்னால் அவருடைய சட்டையைக் கழற்றி ஒட்டிகளை ஒட்டினார்கள். வலது கை, இடது கை, கால்கள், நெஞ்சில் ஆறு. நான் மனதுக்குள் கூடவே சரிபார்த்துக்கொண்டிருந்தேன். இயந்திரம் தாளைத் தள்ளியது. நான் நின்ற இடத்திலிருந்து மேல் வரிகள் தெரியவில்லை, கோடுகள் தெரிந்தன. இதயத்தின் அடிப்பக்கத்தைப் பார்க்கும் மூன்று படங்களிலும் அந்தத் துண்டு தூக்கியிருந்தது. இடது தோளிலிருந்து பார்க்கும் படத்தில் அது கீழே இறங்கி, குன்று கவிழ்ந்திருந்தது. வகுப்புச் சுவரில் ஒட்டியிருந்த மாதிரிப் படத்தில் இவ்வளவு தெளிவாக இருக்காது. தெளிவாக இருக்கிறதே என்பதுதான் முதலில் தோன்றியது. அத்தானுடையது என்பது அதற்கு அடுத்தது.

தாதி தாளைக் கிழித்துக்கொண்டு விரைந்து போனார். திரும்பியபோது கூட நாலைந்து பேர் வந்தார்கள். மெல்லுவதற்கு ஒரு மாத்திரை கொடுத்தார்கள். கையெழுத்துக் கேட்டார்கள். இரத்தக் குழாய்க்குள் கம்பி விட்டு அடைப்பை எடுக்கும் அறைக்குக் கொண்டுபோகப் போவதாக மருத்துவர் சொன்னார், நான் தமிழில் சொன்னேன்.

அத்தான் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ பாத்தனீயோ அந்தப் பேப்பரை?"

"ஓம் அத்தான்."

"வடிவாப் பாத்தனீயோ?"

"ஓம். காஸ்ட்ரிக் இல்லை."

கைக்கடிகாரத்தைக் கழற்றி என் கையில் வைத்தார். பிறகு, "கடையைப் பூட்டிப்போட்டு வரச்சொல்லு கொக்காவை," என்றார். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

அக்காவை அழைத்து அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். என்ன நடந்தது, ஈ.சி.ஜி.யில் என்ன வந்தது என்று அவள் கேட்கவில்லை. சனிக்கிழமையில் அவர் கடையைப் பூட்டச் சொன்னதே அவளுக்குப் போதுமாயிருந்தது. தொலைபேசியை வைக்க மறந்துவிட்டாள். வாடிக்கையாளர்களை வெளியே போகச் சொல்லும் அவளுடைய குரல் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

அடைத்திருந்த குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். மறுநாள் மாலை நான் போனபோது அத்தான் சாய்ந்திருந்து ஜெலி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அன்று காலை புதிதாக எடுத்த ஈ.சி.ஜி.யின் பிரதி ஒன்றை அவருக்கே கொடுத்திருந்தார்கள். இனி எந்த மருத்துவரிடம் போனாலும் ஒப்பிட்டுப் பார்க்க இது வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அதை என்னிடம் நீட்டினார்.

"இது நோர்மலோ?"

"இல்லை. ஆனால் உங்களுக்கு இனி இப்பிடித்தான் இருக்கும்."

"எங்க, காட்டு."

தூக்கியிருந்த துண்டுகள் ஏறக்குறையக் கீழே இறங்கிவிட்டிருந்தன. அடிப்பக்கத்துப் படங்கள் இரண்டில், உயர்ந்த முள்ளுக்குச் சற்று முன்னால், முந்திய தாள்களில் இல்லாத ஒரு பள்ளம் விழுந்திருந்தது. இரத்தம் போகாமல் இறந்துபோன தசையின் அடையாளம். விரல் நுனியை அதில் வைத்தேன். அத்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பைக்கற்றில் காலாவதித் திகதி தேடுகிறவர்போலத் தாளைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"சின்னனாத்தான் கிடக்கு," என்றார்.

"ஓம்," என்றேன்.