தூரம் உன்னோடது, பக்கம் என்னோடது

விழுப்புரத்தில் ஓர் அறையில் நானும் திண்டிவனத்தில் ஓர் அறையில் என் சக பொறியாளரும் உட்கார்ந்து சில வாரங்கள் ஒரே வேலையைப் பார்த்தோம். எங்கள் கம்பெனி சென்னையில் இருக்கிறது. ஃபைபர் வழியாக வெகுதூரம் டேட்டா அனுப்புகிற கார்டுகளைச் செய்யும் சின்னக் கம்பெனி. ஆய்வகத்தில் சுருட்டி வைத்த ஃபைபரில் சோதித்தால் போதாது, மண்ணுக்கடியில் கிடப்பதில் சோதிக்க வேண்டும் என்று, இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே சும்மா கிடந்த சில இழைகளை வாடகைக்கு எடுத்தார்கள். ஒளியை இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே என்று திரும்பத் திரும்ப ஓடவிட்டால் மிக நீண்ட தூரம் போன கணக்காகிவிடும். விழுப்புரத்தில் நான் அனுப்புவேன். சுற்றெல்லாம் முடிந்து வருவதைத் திண்டிவனத்தில் அவர் வாங்கிப் பார்ப்பார்.

எனக்கு விழுப்புரத்தில் அம்மா வீடு. அவருக்குத் திண்டிவனத்திலிருந்து செஞ்சி போகிற வழியில். லாட்ஜ் செலவு மிச்சம் என்பதால்தான் எங்கள் இருவரையும் அனுப்பினார்கள் என்று நினைக்கிறேன்.

அவர் என்னைவிட மூத்தவர். சென்னை ஆபீசில் அடுத்தடுத்த இருக்கை, ஆனாலும் மெயிலில்தான் பேசிக்கொள்வோம், அதுவும் இங்கிலீஷில். சண்டை எதுவும் கிடையாது. அவர் வேலையை நான் தொடமாட்டேன், என் வேலையை அவர் தொடமாட்டார்.

அவர் வேலை, வழியில் ஏற்படும் பிழைகளைத் திருத்துவது. அனுப்புகிற டேட்டாவோடு சில சரிபார்ப்பு பிட்களைச் சேர்த்துவிட்டால், போய்ச்சேரும் இடத்தில் எது கெட்டுப்போனது என்று கண்டுபிடித்துச் சரிசெய்துவிடலாம். என் வேலை, சிக்னலுக்கு வடிவம் கொடுப்பது. சிக்னலில் சிறிய அளவும் உண்டு, பெரிய அளவும் உண்டு. பெரியதற்குச் சக்தி அதிகம் செலவாகும். அதனால் சிறியவை அடிக்கடியும் பெரியவை எப்போதாவதும் வருகிற மாதிரி டேட்டாவை மாற்றி அடுக்குவேன். அதில் மிச்சமாகும் சக்தியில் இன்னும் கொஞ்சம் தூரம் போகலாம்.

தனித்தனியாக இரண்டும் நன்றாகவே ஓடின. சேர்ப்பதில்தான் சிக்கல். நான் வடிவம் கொடுத்த பிறகு அவர் தன் பிட்களைச் சேர்த்தால், அவை சிறியது பெரியது பார்க்காமல் எங்கும் விழுந்து வடிவத்தைக் கெடுத்துவிடும். அவர் சேர்த்த பிறகு நான் வடிவம் கொடுத்தால், மறுமுனையில் முதலில் என் அடுக்கைப் பிரிக்க வேண்டும், பிறகுதான் அவர் திருத்த முடியும். பிரிக்கிற நேரத்தில் ஒரு பிழை இருந்தாலும் பின்னால் வருகிற பலதும் இடம் மாறிவிடும். இந்த இரண்டாவது முறையைத்தான் எடுத்துக்கொண்டோம். அவர் பகுதி பழைய கார்டுகளில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கலைக்க வேண்டாம் என்றார். மேனேஜரும் சரி என்றுவிட்டார்.

முதல் சில சுற்றுகள் வரை ஒழுங்காக வந்தது. சுற்று கூடக் கூட, திண்டிவனத்தில் டேட்டா கொத்துக் கொத்தாகக் கெட்டுப்போய் வந்தது. நாள் முழுக்க ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு வைத்திருந்தோம். அம்மா வீட்டிலிருந்து வந்து போனதாலோ என்னவோ, அவர் பேச்சும் ஊர்ப் பேச்சாகிவிட்டிருந்தது. உங்கள் பக்கம் ஏதோ தப்பு என்றார். இங்கே எல்லாம் சரியாக இருக்கிறது என்றேன். அதையே இருவரும் மாற்றி மாற்றி இரண்டு நாள் சொன்னோம். மூன்றாம் நாள் காலையில் அவர், "நான் ரயிலப் புடிச்சிக்கினு அங்க வர்றேன். என் கண்ணால பாக்கணும்" என்றார்.

வந்தார். மதியம் வரை ஒவ்வொன்றாகப் பார்த்தார். தப்பு எதுவும் அகப்படவில்லை. சாப்பிட வீட்டுக்குக் கூட்டிப்போனேன். அம்மா சாம்பார் வைத்து உருளைக்கிழங்கு வறுத்திருந்தாள். அவர் ஜைனக் குடும்பம், கிழங்கு தொடமாட்டார் என்று நான் சொல்ல மறந்திருந்தேன். அவர் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் மோர் ஊற்றிச் சாப்பிட்டு எழுந்தார்.

சாயங்காலம் ஸ்டேஷனுக்குக் கூடப் போனேன். இருட்டிவிட்டால் சாப்பிடமாட்டார் என்பதால் பொழுது இருக்கும்போதே வேகவைத்த மல்லாட்டை ஒரு பொட்டலம் வாங்கினார். மண்ணுக்கடியில் விளைந்தாலும் வேர்க்கடலை கிழங்குக் கணக்கில் வராது. பிளாட்பாரத்து சிமென்ட் பெஞ்சில் இருவருக்கும் நடுவே அதைப் பிரித்து வைத்துத் தின்றோம். என் வடிவம் எப்படி இருக்கும் என்று, அத்தனை நாள் கழித்து, முதல்முறையாகக் கேட்டார். பெஞ்சின் நடுவை மையமாக வைத்துக்கொண்டு, அதன் இரண்டு பக்கமும் மல்லாட்டைப் பருப்புகளை அடுக்கிக் காட்டினேன். சிறிய அளவுகள் கிட்டத்தில், நிறைய. பெரியவை தள்ளி, போகப் போகக் கொஞ்சம்.

அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வலது ஓரத்தில் இருந்த ஒரு பருப்பை எடுத்து இடது பக்கத்தில் அதே தூரத்தில் வைத்தார்.

"இப்ப உனக்கு செலவு கூடிச்சா?"

"இல்லக்கா. தூரம்தான் செலவு. எந்தப் பக்கம்னாலும் ஒண்ணுதான்."

"அப்ப தூரம் உன்னோடது. பக்கத்த எனக்குக் குடு. என் பிட்டுங்க அதுல ஏறிக்கும்."

அக்கா என்று அன்றுதான் கூப்பிட்டேன். அவரும் அன்றுதான் என்னை நீ என்றார். இரண்டையும் அப்போது யாரும் கவனிக்கவில்லை.

இது எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. வடிவம் சிக்னலின் அளவைத் தீர்மானிக்கட்டும், சரிபார்ப்பு பிட்கள் கூட்டலா கழித்தலா, அதாவது மையத்துக்கு எந்தப் பக்கம், என்கிற குறியை மட்டும் தீர்மானிக்கட்டும் என்பது கட்டுரைகளில் வந்திருந்தது. இருவருமே அவற்றைப் படித்திருந்தோம். வடிவத்தைப் பற்றிய பக்கங்களை நான் படித்திருந்தேன், திருத்துவதைப் பற்றிய பக்கங்களை அவர்.

அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. இப்படிச் செய்தால் மறுமுனையில் முதலில் அவர் திருத்துவார், அதன் பிறகே நான் பிரிப்பேன், பிழை பரவ இடமே இல்லை. ஆனால் பல வருஷமாக எழுதி வைத்த அவர் பகுதியை முக்கால்வாசி பிரித்துப்போட வேண்டும். அதைச் சொன்னேன். "போடணும்தான்" என்றார்.

சென்னை திரும்பி இருவரும் திரும்ப எழுதினோம். அவருக்கு என்னைவிட அதிக மாதங்கள் பிடித்தன. வீட்டில் மாமியாருக்கு உடம்பு சரியில்லாமல் இருந்த காலம் அது. லீவு எடுப்பார், வருவார், விட்ட இடத்திலிருந்து தொடர்வார். மழைக்காலம் முடிந்த பிறகு மறுபடியும் அவரவர் ஊருக்குப் போய் உட்கார்ந்தோம். முன்பு கெட்டுப்போன தூரத்தில் இந்த முறை எதுவும் கெடவில்லை. "சுத்தமா வருது. இன்னொரு சுத்து போடு" என்றார். போட்டேன். இன்னும் சில சுற்றுகளுக்குப் பிறகுதான் நின்றது. எங்கோ நிற்கத்தான் வேண்டும், எவ்வளவு தாங்கும் என்று அப்படித்தான் பார்ப்பார்கள். அன்று மாலை மட்டும் அவர் குரலில் ஒரு இளக்கம் இருந்தது.

வருடாந்திர மதிப்பீட்டில் மேனேஜர், கூடுதலாகக் கிடைத்த தூரத்தில் யாருடைய பங்கு எவ்வளவு என்று கேட்டார். பிரிக்க முடியாது என்றேன், ஆனால் அதிகம் விட்டுக்கொடுத்தது அவர்தான் என்றும் சொன்னேன். மேனேஜர் பாதிப் பாதி என்று போட்டுக்கொண்டார்.

கார்டு விற்பனைக்கு வருவதற்குள் அவர் கணவருக்குப் பெங்களூரில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு போய்விட்டார். இப்போது இரண்டு பகுதிகளையும் நானே பார்த்துக்கொள்கிறேன். திருத்தும் பகுதியில் சில இடங்கள் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஃபோன் பண்ணினால் பொறுமையாகச் சொல்லித் தருகிறார். அதற்கு முன்னால் இரண்டு அம்மாக்களைப் பற்றியும் பேசி முடிக்க வேண்டியிருக்கிறது, அதற்கே அரை மணி நேரம் ஆகிவிடுகிறது.