முந்திக்கொண்ட சிரிப்பு

ரெஃபிகா மொழிபெயர்ப்பாளரானது பட்டம் வாங்கி அல்ல, தரை துடைத்து. தொண்ணூறுகளில் போஸ்னியப் போருக்குத் தப்பி எங்கள் மக்கள் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்துச் செயின்ட் லூயிஸில் வந்து இறங்கியபோது, பக்கத்திலிருந்த பெரிய மருத்துவமனை மொழிச் சிக்கலை மிகவும் விஞ்ஞானபூர்வமாகத் தீர்த்தது. துடைப்பத்தோடு நிற்கும் போஸ்னியப் பெண்ணைக் கைதட்டிக் கூப்பிட்டது. ரெஃபிகா வாளியை ஓரமாக வைத்துவிட்டு வந்து, யாருக்குப் புற்றுநோய், யாருக்கு இரட்டைக் குழந்தை என்று சொல்லிவிட்டு மறுபடி துடைக்கப் போவார்.

பிறகு யாரோ வழக்குப் போட்டார்கள். உடனே மருத்துவமனைக்கு எங்கள்மேல் அன்பு பெருகியது. தனி அலுவலகம், கழுத்தில் அட்டை, ரெஃபிகாவையும் சேர்த்து ஆறு போஸ்னிய மொழிபெயர்ப்பாளர்கள்.

எங்கள் ஆட்கள் செய்த துரோகம், ஆங்கிலம் கற்றுக்கொண்டதுதான். லாரி ஓட்டினார்கள், வீடு வாங்கினார்கள், பிள்ளைகளைப் பல் மருத்துவராக்கிவிட்டுப் புறநகருக்குப் போனார்கள். ஆறு பேர் மூன்றாகி, கடைசியில் ரெஃபிகா மட்டும் மிஞ்சினார். ஆப்கானியர்கள் வரத் தொடங்கியதும் மற்ற மேசைகளில் தாரி மொழி கேட்டது. முன்பதிவு மேசையிலிருந்த எனக்கு, ரெஃபிகாவின் நாட்கள் காலியாவது திரையிலேயே தெரிந்தது.

மேலாளர் டயான் முகமலர்ச்சியோடு விஷயத்தைச் சொன்னார். "கோடை முடியறதுக்குள்ள நோயாளிங்க கூடலேன்னா உங்க இடத்தை எடுத்துடுவாங்க ரெஃபிகா. ஒரு வகையில பாத்தா இது உங்க சமூகத்தோட வெற்றி!"

அந்த வெற்றியைக் கொண்டாட முடியாதவர் ரெஃபிகாவின் கணவர் மெசுத். அவருடைய விலை உயர்ந்த மாத்திரைகள் மனைவியின் வேலையோடு வரும் இன்சூரன்ஸில்தான் கிடைத்துக்கொண்டிருந்தன.

செய்தி அன்றே கிராவாய் சாலைக் காப்பிக்கடைக்குப் போய்ச் சேர்ந்தது. எங்கள் தாய்நாட்டை ஆளவே மூன்று ஜனாதிபதிகள் தேவைப்படுகிறார்கள். அவ்வளவு ஒற்றுமை எங்களுக்குள். அன்றைக்கு மட்டும் ஒரு காப்பியிலேயே முடிவை எட்டிவிட்டோம். எட்டவைத்தவர் ஹம்தியா. பழைய கார் வியாபாரி. இருபது வருடமாக அமெரிக்கர்களிடம் அவர்கள் மொழியிலேயே பொய் சொல்லிப் பிழைத்தவர்.

"நாளையிலேர்ந்து நம்ம யாருக்கும் இங்கிலீஷ் தெரியாது. வயசாச்சு, மறந்துபோச்சு. ஆஸ்பத்திரிக்குப் போனா ரெஃபிகாதான் வேணும்னு கேளுங்க."

"பொய் சொல்றது பாவம்ணே," என்றார் ரொட்டிக்கடை ஸும்ரெதா.

"உன் புரெக் ரொட்டிக்குள்ள கறி இருக்குன்னு சொல்றியே, அதவிடப் பாவமா?"

அடுத்த வாரம் என் தொலைபேசி ஓயவில்லை. அமெரிக்கப் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்ற ஒருவர்கூட "நோ இங்கிலீஷ்" என்றார். அழகான உச்சரிப்பு.

ரெஃபிகாவுக்குக் கோபம். ஹம்தியாவைப் பிடித்துக் கேட்டார்: "எனக்குப் பிச்சை போடுறீங்களாண்ணே?"

"பிச்சையில்லம்மா, அக்கம்பக்கம். நான் நெஞ்சு வலிக்குதுன்னு சொல்வேன், நீ அத அப்படியே சொல்லு. அதுக்குத்தான சம்பளம்?"

ஒரு சமூகமே ஒரே வாரத்தில் ஆங்கிலத்தை மறந்தது டயானுக்கு வியப்பாக இருந்தது. ஹம்தியாவின் இதயப் பரிசோதனையன்று தானும் வந்து அறையில் உட்கார்ந்தார். வேலை நிலைப்பதும் போவதும் அந்த அறையில்தான் என்று ரெஃபிகாவுக்குப் புரிந்தது.

மருத்துவர் அறிக்கையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதயம் நல்லா இருக்கு. வயிறுதான் தனியா ஒரு நாற்காலி கேக்குது."

ரெஃபிகா வாயைத் திறக்குமுன் ஹம்தியா சிரித்துவிட்டார். அதை இருமல் என்று சமாளித்திருக்கலாம். ஆனால் ஒரு நகைச்சுவையைக் கேட்டுவிட்டு, அதைவிட நல்லதாக ஒன்று திருப்பிக் கொடுக்காத போஸ்னியன் இன்னும் பிறக்கவில்லை.

"நாற்காலி என்ன டாக்டர், அதுக்குத் தனியா டிரைவிங் லைசென்ஸே எடுத்து வச்சிருக்கேன்!" என்றார், சுத்தமான மிசூரி ஆங்கிலத்தில்.

மருத்துவர் சிரித்தார். டயானும் சிரித்தார். ரெஃபிகா சிரிக்கவில்லை.

ரெஃபிகாவின் வழியனுப்பு விழாவில் கேக் வெட்டினார்கள். அதில் பன்றிக் கொழுப்பு இல்லை என்று மூன்று பேர் தனித்தனியாக வந்து அவரிடம் உறுதி சொன்னார்கள். அதற்குமேல் என்ன மரியாதை வேண்டும்? ரெஃபிகா ரொட்டிக்கடையில் மாவு பிசையப் போனார். அங்கே இன்சூரன்ஸ் கிடையாது. மெசுத் மாத்திரையைப் பாதியாக உடைத்து விழுங்கத் தொடங்கினார்.

இலையுதிர் காலத்தில் ஹம்தியாவுக்கு நிஜமாகவே மாரடைப்பு வந்தது. பயத்தில் இருபது வருட ஆங்கிலமும் ஒரேயடியாகப் போய்விட்டது. எங்கள் மொழியிலேயே முனகினார். செவிலி கணினியைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு நல்லா இங்கிலீஷ் வரும்னு இதுல போட்டிருக்கே சார்," என்று செல்லமாகக் கடிந்துகொண்டார். பிறகு சக்கரம் வைத்த திரையொன்றைத் தள்ளிவந்தார்கள். அதிலிருந்த மொழிபெயர்ப்பாளர் "வலி எங்கே" என்று கேட்டதுமே இணையம் நின்றுபோக, வாய் திறந்தபடியே உறைந்துபோனார்.

நான் ரெஃபிகாவைக் கூப்பிட்டேன். கையில் மாவோடு ஓடிவந்தார். வேலையில் இல்லாதவர் மொழிபெயர்க்கக் கூடாது என்ற விதியை யாரோ நினைவூட்டுவதற்குள், வலி எங்கே, எப்போது தொடங்கியது, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டார். ஹம்தியா பிழைத்தார்.

இரண்டு நாள் கழித்து, ரெஃபிகாவும் நானும் அவரைப் பார்க்கப் போயிருந்தபோது டயானும் நன்றி சொல்ல வந்தார். "அப்பப்ப இப்படி வாங்களேன் ரெஃபிகா. தன்னார்வலரா. காப்பி இலவசம்."

படுக்கையிலிருந்த ஹம்தியா எங்கள் மொழியில் ஆஸ்பத்திரியின் ஏழு தலைமுறையையும் இழுத்து நீளமாகச் சொன்னார். மூச்சு வாங்கியதால் நடுவில் நிறுத்தி, விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கினார்.

"என்ன சொல்றார்?" என்று டயான் ஆவலாகக் கேட்டார்.

ரெஃபிகா கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். "நான் இங்க வேலைல இல்லையே," என்று சொல்லிவிட்டு மாவு பிசையப் போய்விட்டார்.

டயான் என் பக்கம் திரும்பினார்.

"ஆஸ்பத்திரிக்கு நன்றி சொல்றார்," என்றேன்.