எண்ணெய்க்கடை வாசலில் அக்பர்

ஸ்ரீரங்கத்தில் எட்டாம் வகுப்புப் படித்த என் மகள் வசந்தா, உத்திர வீதி நான்கையும் சுற்றிச் சுற்றி நடந்துதான் பாடம் படிப்பாள். "கால் நிக்காதவளுக்குப் படிப்பு எங்கம்மா நிக்கும்?" என்று அதட்டி, முழுப் பரீட்சைக்கு முந்திய மாதம் அவளை மேஜை முன்னால் உட்கார வைத்தேன். சரித்திரத்தில் தோற்றாள். அந்த வருஷமே போயிற்று.

"வடக்கு வீதி முனை திரும்பினா பானிப்பட்டுப் போர் வரும்ப்பா. எண்ணெய்க்கடை வாசல்ல அக்பர் இருப்பாரு. வீட்டுக்குள்ள யாருமே வரலை" என்றாள். அழுதிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

இப்போது மாலைதோறும் அவளோடு நடக்கிறேன். எண்ணெய்க்கடை வந்ததும் வாய் திறக்காமல் காத்திருக்கிறேன்; அக்பரை அவளே கூப்பிடுகிறாள். ஒன்பதாம் வகுப்புக்குப் போய்விட்ட தோழிகள் எதிரே வந்தால் அவள் சிரிக்கிறாள். நான்தான் தலையைக் குனிந்துகொள்கிறேன்.