அரக்குக்கு ஒரு கேமரா

பட்டுக்கடை வேலையில் கண்ணும் வாயும் நன்றாக இருக்க வேண்டும். எனக்குக் கண் மட்டும்தான் இருந்தது. மெத்தையில் உட்கார்ந்து புடவை விரிப்பவன் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். நான் விரித்துவிட்டுச் சும்மா இருப்பேன். வந்தவர்களும் சும்மா பார்த்துவிட்டு எழுந்து போவார்கள். அதனால்தான் காஞ்சிபுரத்து எங்கள் கடையில் ஆன்லைன் வியாபாரம் தொடங்கியபோது, புடவைகளைப் போட்டோ எடுக்கும் வேலையை முதலாளி எனக்குக் கொடுத்தார். முதல் கேமரா வாங்கப் போய்த் திண்டாடியவர்கள், இனிமேல் திண்டாடப் போகிறவர்கள் எல்லோரும் என் சொந்தக்காரர்கள் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

அரக்கு தக்காளியானது

ஆரம்பத்தில் போனில்தான் எடுத்தேன். அரக்கு என்பது சிவப்பும் இல்லை, பழுப்பும் இல்லை; இரண்டுக்கும் நடுவே நின்று கறுப்பை ஒருமுறை திரும்பிப் பார்க்கிற நிறம். என் போன் அதைத் தக்காளி என்று முடிவு செய்தது. தக்காளி நிறத்துக்கு ஆசைப்பட்டு வாங்கியவர்கள் அரக்கைப் பார்த்ததும் திருப்பி அனுப்பினார்கள். ஒரே மாதத்தில் மூன்று புடவைகள் திரும்பி வந்தன.

முதலாளி கோபப்படுகிற ஆள் இல்லை. கணக்காகப் பேசுவார். "நல்ல கேமராவா ஒண்ணு வாங்கு சபாபதி, கடை செலவுதான். அப்புறமும் கலர் மாறிச்சின்னு ஒரு புடவை திரும்பி வந்தா, போட்டோ வேலையை மெட்ராஸ் ஆளுக்குக் குடுத்துடுவேன். அதுக்கப்புறம் உன்னை நான் எந்த மெத்தைல உட்கார வைக்கறது?"

ஓடாத பொருள்

ஐயம்பேட்டையில் ஒரு கல்யாண போட்டோகிராபர் இருந்தார். அவரிடம் யோசனை கேட்கப் போனேன். அதற்குள் நானாகவே படித்து, ஒரு நோட்டில் நாற்பது பக்கம் எழுதி வைத்திருந்தேன். எத்தனை மெகாபிக்சல், நொடிக்கு எத்தனை படம், எத்தனை இடத்தில் போகஸ் பிடிக்கும், எல்லாம் கட்டம் போட்டு. புடவைக்கு ஜரிகை எத்தனை கிராம் என்று கேட்கிற ஊரில் பிறந்தவன், கேமராவுக்கும் எண்ணிக்கைதான் தரம் என்று நினைத்ததில் ஆச்சரியமில்லை.

அவர் நோட்டைப் பொறுமையாகப் புரட்டினார். நொடிக்குப் பத்துப் படம் என்று நான் சிவப்பு மையில் கோடு போட்டிருந்த இடத்தில் நிறுத்தினார். "இன்னா எடுக்கப் போற?" என்றார். புடவை என்றேன்.

"புடவை எங்கயும் ஓடாதேப்பா. அப்புறம் இன்னாத்துக்கு இவ்ளோ வேகம்?"

புடவையோடு ஒரு கேமராக் கடை

கேமராக் கடைக்கு ஒரு மஞ்சள் பையோடு போனேன். உள்ளே என் மனைவி கோமளாவின் கல்யாணப் புடவை. அரக்கு உடல், பச்சைக் கரை. அவள் தவறிப்போய் அப்போது ஆறு வருஷம் ஆகியிருந்தது. அந்த நிறத்தை நான் அறிந்த அளவு வேறெந்த நிறத்தையும் அறிய மாட்டேன். எங்கள் கல்யாண ஆல்பத்தில் அது காப்பிப்பொடி நிறத்தில் இருக்கும். ஆல்பத்தைத் திறக்கும்போதெல்லாம், "நான் காப்பிப்பொடியைக் கட்டிக்கினா உன்னைக் கல்யாணம் பண்ணேன்?" என்று கேட்பாள்.

கவுண்டரில் இருந்த பெண், நான் புடவை விற்க வந்திருப்பதாக நினைத்து, "வேணாங்க சார்" என்றாள். விஷயத்தைச் சொன்னதும் மூன்று கேமராக்களை எடுத்து வைத்தாள். இப்போதெல்லாம் உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் வகையைத்தான் எல்லோரும் வாங்குகிறார்கள் என்றாள். எனக்கோ டிஎஸ்எல்ஆர்தான் வேண்டும். அதில்தான் கண்ணாடி வழியாக அசல் பொருளையே கண்ணால் பார்க்கலாம். கண்ணை நம்பித்தானே இத்தனை வருஷம் சாப்பிட்டேன். மூன்றிலும் புடவையை எடுத்துப் பார்த்தேன். ஒன்றில் மட்டும் அரக்கு அரக்காகவே வந்தது. அதையே கட்டச் சொன்னேன்.

பில் போடும்போது அந்தப் பெண் சொன்னாள்: "எல்லாரும் குழந்தையைக் கூட்டிக்கினு வந்து எடுத்துப் பாப்பாங்க சார். புடவையைக் கூட்டிக்கினு வந்தது நீங்கதான்."

பொட்டு

புதுப் பொருள் எது வந்தாலும் எங்கள் கடையில் முதலில் சாமி படத்துக்கு முன்னால்தான் போகும். முதலாளி தன் கையாலேயே கேமராவுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். லென்ஸின் நட்ட நடுவில். நான் பதறிப்போய்த் துடைத்தேன். துடைத்ததில் அது இன்னும் பரவி, அன்றைக்கு எடுத்த புடவைகள் எல்லாம் மார்கழிப் பனியில் நனைந்த மாதிரி வந்தன. லென்ஸில் வைக்கலாமா என்று மெதுவாகக் கேட்டேன்.

"பின்ன, அதுக்கு நெத்தி எங்க இருக்குதுன்னு நீ முன்னாடியே சொல்லணுமில்ல?"

வாசல்

லென்ஸ் சுத்தமான பிறகும் அரக்கு சரியாக வரவில்லை. கேமராக் கடையில் அரக்காக வந்தது, எங்கள் கடையில் செங்கல்லாக வந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தால் அரக்கு, திரையில் செங்கல். சேலத்திலிருந்து ஒரு அம்மா தன் மகளின் நிச்சயதார்த்தத்துக்கு அரக்குப் புடவை கேட்டு, போட்டோவுக்காகக் காத்திருந்தார். கேமராவின் மெனுவில் இருந்த எல்லாவற்றையும் மாற்றினேன். செங்கல் ஒருமுறை கத்தரிக்காயானது, அவ்வளவுதான்.

எத்திராஜ்தான் எங்கள் கடையின் நல்ல வாய். புடவை விரித்தால் வாங்காமல் எழுந்தவர் கிடையாது. அன்று ஒரு குடும்பம் கலர் பிடிபடாமல் குழம்பியபோது, அவன் வழக்கம்போல, "உள்ள எரியறது மஞ்ச லைட்டும்மா, ஜரிகை மின்னறதுக்குப் போட்டது. வெளிய வந்து பாருங்க" என்று புடவையை வாசலுக்கு எடுத்துப் போனான். நான் கேமராவோடு அப்படியே நின்றேன். முப்பது வருஷமாக நானே எத்தனை பேரை வாசலுக்குக் கூட்டிப் போயிருக்கிறேன். கேமராவைத் தேர்ந்தெடுத்தது மட்டும் கேமராக் கடைக்குள் நின்று, அந்தக் கடை விளக்கில். திரும்பி வந்த எத்திராஜ் என் முகத்தைப் பார்த்தான்.

"இன்னாண்ணா, கஸ்டமருக்குச் சொல்றதை உன் மிஷினுக்குச் சொல்லலியா?"

ஸ்டாக் இல்லை

மறுநாள் காலை வாசலில் பாய் விரித்தேன். எங்கள் கடை வாசல் வடக்குப் பார்த்தது. வெயில் விழாது, வெளிச்சம் மட்டும் வரும். நம்பிக்கை வருவதற்காக, வீட்டிலிருந்து கொண்டுவந்த கோமளாவின் புடவையை முதலில் எடுத்தேன். திரையில் அரக்கு. பச்சைக் கரை பச்சை. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கடைப் புடவையையும் எடுத்தேன். கேமராவின் மெமரி கார்டை முதலாளியிடம் கொடுத்தேன். எது யாருடையது என்று சொல்ல வாய் வேண்டுமே, சொல்லவில்லை.

அவர் முதல் படத்தைச் சேலத்துக்கு அனுப்பிவிட்டார். அந்த அம்மாவுக்கு மிகவும் பிடித்துவிட்டது. அதேதான் வேண்டும் என்று உடனே பதில் வந்தது. புடவையைப் பேக் செய்யச் சொல்லி முதலாளி வந்தபோது, அது என் வீட்டுப் பீரோவில் இருப்பது என்றேன். அவர் படத்தை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தார். போனை என் கையில் கொடுத்து, "விக்கறதுக்கு இல்லைன்னு நீயே எழுதிடு. இன்னொண்ணை அனுப்பு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எழுதினேன். கடைப் புடவையின் படத்தையும் அனுப்பினேன். அந்த அம்மா அதை வாங்கிக்கொண்டார்; அது திரும்பி வரவில்லை, நானும் மெட்ராஸ் ஆளுக்கு வழிவிட வேண்டியிருக்கவில்லை. ஆனால் பணம் அனுப்புவதற்கு முன்னால் ஒரு வரி எழுதியிருந்தார்.

"விக்கறதுக்கு இல்லாத புடவையை எதுக்குங்க இவ்வளவு அழகா போட்டோ எடுத்தீங்க?"

வடக்குப் பார்த்த வாசல் ஒன்று இருந்தால் எந்தக் கேமராவும் நல்ல கேமராதான் என்று தெரிந்துகொள்ள, எனக்கு நாற்பது பக்க நோட்டும் ஒரு கேமராவும் வேண்டியிருந்தன.