மூன்று வீட்டுக்கு ஒரு ரேடியோ

கஸ்பார் காதுபட ஒரு பொருளை ரிப்பேர் என்று சொல்லிவிடக் கூடாது. அதற்குப் பிறகு அது உங்கள் பொருள் இல்லை. எங்கள் சுவர்க்கடிகாரம் ஒரு மழைக்காலம் முழுக்க அவர் வீட்டுத் தரையில் பிரித்துப் போட்டபடி கிடந்தது. திரும்பி வந்தபோது நன்றாகத்தான் ஓடியது. கூடவே கொஞ்சம் திருகாணிகளையும் என் கையில் கொடுத்தார். "இதெல்லாம் இல்லாமலே ஓடுது சார். செஞ்சவன் சும்மா போட்டுருக்கான்" என்றார். அந்த மனிதரோடு யார் வாதாடுவது?

தூத்துக்குடிப் பக்கம் கடற்கரைக்காரர். போர்ட் பிளேரில் கப்பல் பட்டறையில் ஃபிட்டர். கல்யாணம் முடிந்த கையோடு மனைவி அமுதத்தைக் கூட்டிக்கொண்டு கப்பலேறி வந்தவர், அதற்குப் பிறகு ஊருக்குப் போகவில்லை. போக வேண்டும் என்று வருஷா வருஷம் சொல்வார். ஏதாவது ஒரு மோட்டார் பிரித்த நிலையில் இருக்கும், பயணம் தள்ளிப் போகும். இந்த ஒரு விஷயத்தில் எனக்கு அவர்மேல் இன்றைக்கும் கோபம்தான்.

போர்ட் பிளேரில் டாலிகஞ்ச் ஓரத்தில் எங்கள் வரிசையில் மூன்றே வீடுகள். முதல் வீடு மரக் கான்ட்ராக்டர் செபஸ்தியானுடையது, நடுவீடு கஸ்பாருடையது, கடைசி வீடு என்னுடையது. நான் சர்க்கார் குமாஸ்தா, பெயர் குழந்தைவேலு. அறுபதுகளின் நடுவில் எங்கள் வரிசைக்கு இன்னும் கரண்ட் வரவில்லை. ரேடியோ என்று ஒன்று இருந்தது செபஸ்தியான் வீட்டில் மட்டும். அது பேட்டரியில் ஓடும். சாயங்காலமானால் நாங்கள் எல்லோரும் அங்கே போய் உட்கார்ந்துவிடுவோம். செபஸ்தியானின் மனைவி கிரேசி அத்தனை பேருக்கும் டீ போட்டுக் கொடுத்து, போட்டுக் கொடுத்து, கடைசியில் சர்க்கரையைக் குறைத்தாள். குறிப்பு புரிந்தது.

"நாம ரேடியோகிட்ட போகக் கூடாது சார். ரேடியோ நம்மகிட்ட வரணும்" என்றார் கஸ்பார்.

சண்டைக்காலத்துப் பழைய இரும்பை ஏலம் விட்டதில் அவருக்கு டெலிபோன் காதுக்குழல்கள் கிடைத்திருந்தன. செபஸ்தியான் வீட்டு ரேடியோவிலிருந்து தென்னை மரங்கள் வழியாகக் கம்பி இழுத்து, அவர் வீட்டில் ஒரு குழலும் என் வீட்டில் ஒரு குழலும் மாட்டினார். போக ஒரு கம்பி, திரும்பி வர ஒரு கம்பி வேண்டும். அவரிடம் இருந்ததோ ஒன்றுக்குத்தான் போதும். "திரும்பி வர மண்ணே போதும் சார்" என்று வீட்டுக்கு ஒரு இரும்புக் கம்பியைச் சுத்தியலால் தரையில் அடித்து இறக்கினார். கொட்டுகிற மழையில் செய்த வேலை அது. குழலைப் பாத்திரத்துக்குள் வைத்தால் சத்தம் பெரிதாகும் என்பதும் அவர் கண்டுபிடிப்புதான். எங்கள் வீட்டில் பித்தளை அண்டா பாடியது. அவர் வீட்டில் காலியான பால்பவுடர் டின் பாடியது. டின்னில் பாடினால் எந்தப் பெரிய வித்துவானுக்கும் ஜலதோஷம் பிடித்துவிடும்.

ரேடியோவின் திருகு என்னவோ கிரேசியின் கையில். அவள் எதைத் திருப்பினாளோ அதுதான் மூன்று வீட்டுக்கும். செய்தி பாதியில் இருக்கும்போது சினிமாப் பாட்டுக்குத் தாவுவாள். நான் அண்டாவைப் பார்த்துத் திட்டுவேன். அதற்கு மேல் என்ன செய்ய முடியும்?

ஆனால் ரேடியோ ஓடாத நேரத்தில் அந்தக் குழல் காது மட்டுமில்லை, வாயும்தான் என்பது கஸ்பாருக்கே தெரியாது. ஒரு நாள் மத்தியானம் கிரேசி எங்கள் வீட்டுக்குப் புளி வாங்க வந்திருந்தாள். அண்டாவுக்குள் ஏதோ முணுமுணுத்தது. என் மனைவி ருக்கு காதை வைத்தாள், கிரேசியும் வைத்தாள். உள்ளேயிருந்து அமுதத்தின் குரல் கணீரென்று வந்தது. "கிரேசி அக்கா வைக்கிற மீன் குழம்பா? கப்பல் கழுவுன தண்ணி அதுக்கு மேலு!"

அன்றைக்கு ஆரம்பித்தது. கிரேசி நேரே வேலிக்குப் போய்க் கேட்டாள். அமுதம் பதிலுக்குப் பொரிந்தாள். "அடுத்த வீட்டுப் பேச்ச அண்டா வச்சுக் கேக்கியளா? வெக்கமா இல்ல?" இதில் ருக்குவும் சேர்த்தி. அதோடு இரண்டு வீட்டோடும் அமுதம் பேச்சை நிறுத்தினாள். கிரேசி வீட்டு வேலியோரமாகப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள், அவள் முகத்தில் விழிக்கக் கூடாதென்று கழுவுகிற கல்லையே புரட்டிக்கொண்டு போய் வீட்டின் மறுபக்கம் போட்டுவிட்டாள். தவக்காலம் வந்தது. கறியை விட்டாள், கோபத்தை விடவில்லை.

அந்தக் கோடையில்தான் கப்பலில் வந்த ஊர்க்காரர் ஒருவர் சேதி சொன்னார். அமுதத்தின் தம்பி அந்தோணிமுத்து, கோயிலில் பாடுகிறவன், குருத்து ஞாயிறு சாயங்காலம் திருச்சி ரேடியோவில் பாடப் போகிறான். அமுதம் ஊரை விட்டு வரும்போது அவன் சின்னப் பையன். தாய் இல்லாத பிள்ளையை இவள்தான் தூக்கி வளர்த்தாள். துறைமுகத்தில் இவள் சேலையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று அழுதானாம். அவன் குரலைக் கேட்கப் போகிறோம் என்று அவள் தரையில் நடக்கவில்லை.

பார்த்தால், பால்பவுடர் டின் ஊமையாகிக் கிடந்தது. மழை நின்றதிலிருந்து சத்தம் தேய்ந்து தேய்ந்து, பங்குனியில் சுத்தமாக நின்றிருந்தது. எங்கள் அண்டாவோ ஜம்மென்று பாடிக்கொண்டிருந்தது.

"கிரேசிதான் கம்பிய அறுத்துட்டா" என்றாள் அமுதம். எங்கள் வீட்டுக்கு வந்து கேளுங்கள் என்று ருக்கு ஆள்விட்டுச் சொன்னாள். "அந்த அண்டா முன்னால நான் வந்து உக்காருவனா?" என்று பதில் வந்தது. வீம்பு என்றால் அப்படி ஒரு வீம்பு. கேட்கவே எரிச்சலாக இருந்தது, பாவமாகவும் இருந்தது.

கஸ்பார் டின்னை மாற்றினார். புது டின்னும் பேசவில்லை. குழலைக் கழற்றி எங்கள் அண்டாவில் மாட்டினார், பாடியது. எங்கள் குழலை அவர் டின்னில் மாட்டினார், ஊமை. தென்னை மரம் தென்னை மரமாக ஏறிக் கம்பியைத் தடவிப் பார்த்தார். "லைன் பில்குல் டீக் சார், ஒரு பழுதுமில்ல. அறுக்கல, துரு இல்ல. பின்ன ஏன் பேச மாட்டேங்குது?" மனைவியிடம் மட்டும் அவரால் அதைச் சொல்ல முடியவில்லை. கிரேசி அறுக்கவில்லை என்று சொன்னால், கெட்டுப்போனது இவர் வேலை என்று ஆகிவிடுமே!

குருத்து ஞாயிறும் வந்துவிட்டது. பூசை முடிந்து வந்த கஸ்பார், வேலியோரம் தரையில் அடித்து இறக்கிய அந்த இரும்புக் கம்பி முன்னால் குந்தி உட்கார்ந்து அதையே வெறித்துக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் நின்றேன். அமுதம் அரிசி கழுவிய சட்டியோடு வெளியே வந்தாள்.

"ஊர் மோட்டாருக்கெல்லாம் வைத்தியம் பாப்பாரு. சொந்த வீட்டு டின்னு ஒண்ணுக்கும் ஒதவாத பேகார்!" என்று கத்தி, சட்டித் தண்ணீரை அவர் தலையில் கொட்டினாள்.

வீட்டுக்குள் டின் இருமியது. பிறகு அதற்குள்ளிருந்து யாரோ நெல் விலை நிலவரம் சொன்னார்கள்.

கஸ்பார் சொட்டச் சொட்ட எழுந்தார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "ஈரம் சார்! மண்ணுல ஈரம் இல்ல, திரும்பி வர வழி இல்ல! இங்கன பாத்திரம் கழுவுனவரைக்கும் பேசுச்சு. இவ கல்லத் தூக்கிட்டுப் போனா, மழை இருந்ததால தெரியல." எங்கள் கம்பி ருக்கு பாத்திரம் தேய்க்கிற இடத்தில் இருந்தது. செபஸ்தியான் வீட்டுக் கம்பி குளிக்கிற இடத்தில். அமுதத்தின் கோபம் மட்டும்தான் காய்ந்த இடத்தில் நின்றது.

கண்டுபிடித்தாயிற்று, ஆனால் தீர்ந்தபாடில்லை. அது சரளை மண், ஊற்ற ஊற்றக் குடித்துவிடும். தண்ணீர் போனால் டின்னும் போய்விடும். கம்பியைப் பிடுங்கி மறுபக்கம் அடிக்கலாமென்றால் அங்கே பாறை. கிணற்றிலோ கோடைத் தண்ணீர் வாளியின் அடியை நனைப்பதற்கே யோசிக்கும். குடிக்க வைத்திருந்த குடங்களைக் கஸ்பார் கம்பியருகே கொண்டுவந்து வைத்தார். திருச்சியில் முள்ளை வைத்துவிட்டுத் தொடமாட்டேன் என்று செபஸ்தியான் வாக்குக் கொடுத்தார்.

சாயங்காலம் கஸ்பாரும் நானும் செம்பு செம்பாக ஊற்றினோம். ஜன்னலுக்கு உள்ளே அமுதம் டின்னைக் கட்டிப்பிடித்தாற்போல் உட்கார்ந்திருந்தாள். அறிவிப்பாளர் அந்தோணிமுத்து என்று பெயர் சொன்னதும் நான் ஒரு செம்பு கூடுதலாகவே ஊற்றிவிட்டேன், அவன் எனக்கு என்ன உறவென்று தெரியவில்லை. பாட்டுத் தொடங்கியது. ஆழமான, கனமான ஆண்குரல்.

"இது அவன் இல்ல" என்றாள் அமுதம். "வேற யாரையோ பாட விட்டுட்டான். எங்க முத்துவுக்குக் கீச்சுக் கொரலு."

கடைசிக் குடம் சாய்ந்துவிட்டது. பாட்டு பாதிகூட வரவில்லை, டின் கரகரக்க ஆரம்பித்தது. நான் தண்ணீர் எடுக்க எங்கள் வீட்டுப் பக்கம் ஓடத் திரும்பினேன்.

அப்போது வேலிக்கு மேலாக ஒரு தவலை சாய்ந்தது. பின்னால் கிரேசி. மறுநாள் சமையலுக்கு அவள் எடுத்து வைத்திருந்த தண்ணீர் அது. தன் வீட்டில் ரேடியோ பாடிக்கொண்டிருக்க, அதைக் கேட்காமல் இங்கே வந்து, தாரை அறாமல் மெதுவாகக் கம்பியின் தலையில் ஊற்றிக்கொண்டே இருந்தாள். பாட்டு தெளிந்தது. முடிகிறவரை தெளிவாகவே இருந்தது.

டின் ஓய்ந்தது.

"ஏட்டி அமுதம்" என்றாள் கிரேசி, காலித் தவலையை இடுப்பில் வைத்தபடி. "தம்பி நல்லாப் பாடுனானா? நான் சரியாக் கேக்கலியே."

அமுதம் ஜன்னலுக்கு வந்தாள். கண்ணெல்லாம் நனைந்திருந்தது, வாய் சிரித்தது.

"மீசை வச்சிருப்பான்க்கா" என்றாள்.