போடாத வெள்ளி

ஓட்டல் வேலை போன பிறகு கிழக்கேகோட்டைப் பக்கம் அலைந்துகொண்டிருந்தேன். மலைவாழ் மக்களின் கைவினைக் கண்காட்சிக்குப் பந்தல் போட ஆள் எடுத்தார்கள். பந்தல் முடிந்ததும், தமிழும் மலையாளமும் தெரியும் என்பதால் ஒரு கடையில் மொழிபெயர்த்துச் சொல்ல உட்காரச் சொன்னார்கள். ஏழாவதோடு நின்றவனுக்கு நாற்காலி கொடுத்து வேலை தந்தது அதுதான் முதல் முறை.

கடை, நீலகிரியிலிருந்து தனியாக வந்திருந்த ஓர் அக்காவுடையது. வெள்ளைப் போர்வையில் சிவப்பும் கறுப்புமாக நூல் வேலை செய்துகொண்டிருப்பார். வாசல் பேனரில் அவருடைய பழைய படம்: கழுத்தில் கனத்த வெள்ளி வளையம், மார்பில் சோழி கோத்த சங்கிலிகள், கையில் காப்பு. நேரில் அவர் கழுத்தில் ஒன்றும் இல்லை.

கண்காட்சிப் பொறுப்பாளர் முதல் நாளே என்னிடம் வந்தார். "எடோ, சேச்சிகிட்ட பறஞ்ஞு கொடு. ஆளுகள் வர்றதே அந்த வெள்ளி காணத்தான். போடலேன்னா கடைய வேற ஆளுக்குக் கொடுப்பேன்."

சொன்னேன். அக்கா ஊசியை நிறுத்தவில்லை.

"எங்க வீட்டுக்காரர் போயிட்டார் தம்பி. அன்னைக்கே வெள்ளியெல்லாம் கழட்டி வச்சாச்சு. அவருக்கு இன்னொரு சடங்கு பாக்கி இருக்கு. அது முடியிற வரைக்கும் நான் வெள்ளி தொடக்கூடாது. நகை வேணும்னு போன்ல சொன்னாங்கன்னு பக்கத்து வீட்டுக்காரிதான் மூட்ட கட்டிக் குடுத்தா. இந்தப் போர்வைங்க வித்தாத்தான் அந்தச் சடங்கே."

நான் மலையாளத்தில் சொன்னதும் பொறுப்பாளர் தலையைச் சொறிந்தார். கண்காட்சிக்கு உதவ வந்திருந்த கல்லூரிப் பெண்ணைக் காட்டி, "இவ இடட்டே?" என்றார். இந்தப் பெண் போட்டுக்கொள்ளட்டுமா என்று அக்காவிடம் கேட்டேன்.

அக்கா அவளை மேலும் கீழும் பார்த்தார். "அந்தப் புள்ள வீட்ல சாவு ஒண்ணும் இல்லல்ல? அப்ப போட்டுக்கட்டும்."

மூட்டையைப் பிரித்து நான்தான் எடுத்துக் கொடுத்தேன். "அய்யோ, எந்தொரு கனம்!" என்று அவள் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். கூட்டம் அவளைச் சுற்றி நின்றது. உங்கள் மலையில் குளிரா, யானை வருமா என்று அவளிடம் கேட்டார்கள். "ஞான் நெய்யாற்றின்கரையா" என்று பக்கத்து ஊரைச் சொல்லிச் சிரித்தாள். யாரும் காதில் வாங்கவில்லை. படம் எடுத்த ஒருவர், "சேச்சி, ஒண்ணு மாறி இரிக்காமோ?" என்றார். அக்கா முக்காலியோடு நகர்ந்து உட்கார்ந்தார்.

"கஷ்டமா இருக்கா அக்கா?"

"எதுக்கு? போர்வை விக்குதுல்ல. அவளுக்கு என்னவிட நல்லாத்தான் இருக்கு. போட்ட விதம்தான் மாட்டுக்கு மணி கட்டுன மாதிரி."

கடைசி நாள் எல்லாப் போர்வையும் விற்றுவிட்டது. ஊருக்குப் போனதும் சடங்கு என்றார். அந்தப் பெண் கழற்றி வைத்த வெள்ளி இன்னும் சூடாக இருந்தது. துணியில் வைத்து முடிச்சுப் போட்டேன். மூட்டையாக இருந்தால் அவர் தூக்கலாம்.

தம்பானூரில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது கேட்டார்: "உனக்கு வீட்ல யாரு இருக்கா?"

"யாரும் இல்லக்கா."

"அப்ப நீ போயிட்டா உனக்காக யாரு வெள்ளி கழட்டி வைப்பா?"

சாப்பிட்டாயா என்பதுபோலத்தான் கேட்டார். பஸ் வந்ததும் அவரை ஜன்னலோரம் உட்காரவைத்து, மூட்டையை மடியில் வைத்துவிட்டு இறங்கினேன். கிளம்பும்வரை நின்றேன். அன்றைக்கு எனக்குப் போக வேறு இடமும் இல்லை.